வீட்டில் ஐந்து பேர், ஒரு அடுப்பு: எல்லோரும் பேலியோவுக்கு மாற வேண்டுமா?

திருப்பூரிலிருந்து 36 வயது சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். கணவர் கட்டிங் மாஸ்டர், வயது 42, எடை 94 கிலோ. சமீபத்தில் எடுத்த பரிசோதனையில் கணவருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை (ஹெச்பிஏ1சி) 6.2 என்று வந்திருக்கிறது. பேலியோ என்பது தானியத்தையும் பருப்பையும் விலக்கி, கறி, முட்டை, கொழுப்பை முக்கியமாகச் சாப்பிடும் உணவுமுறை. கூட வேலை பார்ப்பவர் அதில் நாலே மாதத்தில் 14 கிலோ குறைத்ததைப் பார்த்த கணவர், இனி வீட்டில் அரிசி, கோதுமை, பருப்பு எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டார். மாமியாருக்கு 66 வயது, 11 வருடமாகச் சர்க்கரை, ரத்த அழுத்தமும் உண்டு. மகள் எட்டாம் வகுப்பு, மகன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு.

பாதாம், பனீர், வெண்ணெய், மட்டன் என்று வாங்கியதில், வழக்கமாக 13,000 ரூபாயில் முடியும் மாதச் சாப்பாட்டுச் செலவு 21,000 ஆகியிருக்கிறது. காலை 7.45-க்கு வீட்டை விட்டுக் கிளம்பும் இவர், பெரியவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று இரண்டு சமையல் செய்ய 4.30-க்கே எழுகிறார். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் ராத்திரி மாமியாருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியிருக்கிறது. நாட்டுச்சர்க்கரை போட்ட காப்பி குடித்ததும் சரியாகிவிட்டது. 'உடம்பு கொழுப்புக்குப் பழகும்போது அப்படித்தான் இருக்கும், போகப் போக மாத்திரையே தேவைப்படாது' என்கிறாராம் கணவர். அப்பாவைப் பார்த்து மகள் டிபன் பாக்ஸைத் திறக்காமலே கொண்டுவர ஆரம்பித்திருக்கிறாள்.

கேள்விகள் மூன்று. எங்கள் வருமானத்தில் பேலியோ முடியுமா? அத்தைக்கு மாத்திரையை நிறுத்தலாமா? பிள்ளைகளுக்கு இது ஆகுமா? கடைசியில் ஒரு வரி: 'எனக்கு ரத்தம் 9.8 என்றார்கள், அது கிடக்கட்டும் டாக்டர்.'

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த ராத்திரி நடந்ததை முதலில் பேசிவிடுகிறேன், மற்ற எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அது பழகும் அறிகுறி இல்லை

நீங்கள் எழுதிய மாத்திரைப் பெயர்களில் கிளிமிபிரைடு இருக்கிறது. நீங்கள் சாப்பிட்டீர்களா, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று இந்த மருந்து பார்க்காது. கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். மூன்று வேளையும் சோறு, இட்லி சாப்பிட்டவருக்கு அளந்து கொடுத்த மாத்திரை அது. சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் அதே அளவில் கொடுத்தால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், குழறல் மூன்றும் தாழ்நிலைச் சர்க்கரையின் அடையாளங்கள். இனிப்புக் காப்பியில் சரியானதும் அதையே காட்டுகிறது. அன்று நீங்கள் விழித்திருந்தீர்கள், காப்பி போட்டுக் கொடுத்தீர்கள். பகலில் நீங்கள் இருவரும் வேலையிலும் பிள்ளைகள் பள்ளியிலும் இருக்கும்போது அத்தை வீட்டில் தனியாக இருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதனால் இன்றைக்கே அவருக்கு வழக்கமான சாப்பாட்டைக் கொடுங்கள். இந்த வாரமே அவரைப் பார்க்கும் மருத்துவரிடம் கூட்டிப் போய் அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்லுங்கள். மருந்தின் அளவு மாற வேண்டியிருக்கலாம். ஆனால் அதை மருத்துவர்தான் மாற்ற வேண்டும், நீங்களோ கணவரோ அல்ல. மறுபடி அப்படி வந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று மாவுச்சத்தை நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஏறி, அது உயிருக்கே ஆபத்தாகலாம். சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று வந்தால் அவசரப் பிரிவுக்குப் போய், இந்த மாத்திரையும் இந்த உணவும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையிலும் கவனம் தேவை. மாவுச்சத்தைக் குறைத்த முதல் வாரங்களில் உடம்பிலிருந்து உப்பும் நீரும் அதிகமாக வெளியேறும். பழைய அளவு மாத்திரையோடு அது சேரும்போது எழுந்து நிற்கையில் தலைசுற்றும். அறுபதைக் கடந்தவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறிவு வரை போகும்.

மாத்திரையை நிறுத்தும் ஆசை தப்பில்லை. 2017-ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் 46 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்தில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஆனால் அவர்கள் எல்லோரும் சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள். மருத்துவக் குழு பக்கத்தில் இருந்துதான் மாத்திரையை நிறுத்தியது. அவர்கள் சாப்பிட்டதும் பேலியோ அல்ல, தினம் 850 கலோரி அளவிலான ஒரு கட்டுப்பாட்டு உணவு. எடை குறைந்ததுதான் வேலை செய்தது. 11 வருடச் சர்க்கரையோடு இருக்கும் உங்கள் அத்தைக்கு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. சோற்றை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றாக்கி, மருத்துவர் மாத்திரையைக் குறைத்து, சர்க்கரை சீராக நின்றாலே அது நல்ல முன்னேற்றம். புரதத்தைக் கூட்டுவதற்கு முன்னால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் கறியும் முட்டையும் அளவோடுதான்.

உங்கள் கணவரின் 6.2

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை. திரும்பி வரக்கூடிய இடம் அது. நாம் மாவுச்சத்தை அதிகம் சாப்பிடுகிறோம் என்று அவர் சொல்வதும் சரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க எடுத்த ஆய்வில், நம் தினசரிக் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. எனவே சோற்றைக் குறைக்கும் யோசனையை நான் எதிர்க்கவில்லை. முழுசாக விலக்குவதையும், வீட்டில் உள்ள எல்லோரையும் அதற்குள் இழுப்பதையும்தான் வேண்டாம் என்கிறேன்.

ஏனென்றால் அவருக்குத் தேவையான மாற்றம் அவ்வளவு பெரியதல்ல. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இதே நிலையில் இருந்தவர்களுக்கு எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காக வைக்கப்பட்டன. சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. உங்கள் கணவருக்கு 7 சதவீதம் என்றால் ஆறரை கிலோ. நாலு மாதத்தில் 14 கிலோ குறைத்தவரோடு ஓட வேண்டியதில்லை. குறைமாவு உணவில் முதல் ஆறு மாதம் எடை வேகமாக இறங்கும் என்பது உண்மை. ஒரு வருடம் முடியும்போது மற்ற கட்டுப்பாட்டு உணவுகளுக்கும் இதற்கும் வித்தியாசம் சின்னதாகிவிடுகிறது. எந்த முறையை அவரால் விடாமல் தொடர முடியுமோ அதுவே அவருக்கான முறை.

இவ்வளவும் கேட்டுவிட்டு, 'நான் மட்டும் பேலியோ இருந்துகொள்கிறேன்' என்றால் இருக்கட்டும். அவர் மாத்திரை எதுவும் சாப்பிடாதவர், அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் தொடர்வதற்கு முன்னால் கொழுப்பு, கிரியாட்டினின், யூரிக் அமிலம், கல்லீரல் பரிசோதனைகள் எடுக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்துக் கொழுப்பை மறுபடி பார்க்க வேண்டும். சிலருக்கு வெண்ணெய், நெய் கூடியதும் கெட்ட கொழுப்பான எல்டிஎல் வெகுவாக ஏறிவிடுகிறது. எடை குறைந்த சந்தோஷத்தில் அதைக் கவனிக்காமல் விடுபவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். மாரடைப்பு நம் மக்களுக்கு இளவயதிலேயே வருகிறது. டீயில் வெண்ணெய் போட்டுக் குடிப்பதை அவர் இன்றே விட்டுவிடலாம்.

'நம் முன்னோர் தானியமே தின்றதில்லை' என்று அவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். இத்தாலி, செக் நாடு, ரஷ்யா ஆகிய இடங்களில் கிடைத்த 30,000 ஆண்டு பழைய அரைக்கும் கற்களில் தாவர மாவுச்சத்தின் துகள்கள் ஒட்டியிருந்தன. விவசாயத்துக்கு வெகுகாலம் முந்தைய மனிதர்கள் அவர்கள். நம் பக்கத்தில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று கணிக்கப்பட்டிருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1975-ல் வால்டர் வோக்ட்லின் என்ற அமெரிக்க வயிற்று மருத்துவர் எழுதி, 1985-ல் ஈட்டன், கோனர் என்ற இருவரின் கட்டுரையால் பரவலாகப் பேசப்பட்டு, பிறகு பேலியோ என்ற பெயரில் புழங்கிய உணவுமுறையில் பால்பொருளும் கிடையாது. நம் ஊரில் நடப்பது கொழுப்பைக் கூட்டி மாவைக் குறைக்கும் ஒரு கலவை. உங்கள் பட்ஜெட்டை உடைத்த பனீரும் வெண்ணெயும் மூல முறையிலேயே இல்லை.

8,000 ரூபாய் எங்கே போனது

நீங்கள் பில்லையெல்லாம் வரிசையாக எழுதியிருந்ததால் கணக்குப் பார்ப்பது சுலபமாக இருந்தது. நான்கு பொருள்தான் அந்தக் கூடுதல் செலவு முழுவதும்: பாதாம், பனீர், வெண்ணெய், மட்டன். ஒரு வேளைக்கு நூறு பாதாம் என்பது கிட்டத்தட்ட 700 கலோரி, விலையும் நூறு ரூபாயை ஒட்டி வருகிறது. நூறு கிராம் பாதாமில் 21 கிராம் புரதம். நூறு கிராம் நிலக்கடலையில் 25 கிராம், விலை ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது. நிலக்கடலை பயறு வகை, அதனால் பேலியோவில் ஆகாது என்பார்கள். கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு கொள்ளும் கடலையும் தட்டைப்பயறும் ஆகாது என்று சொல்வதற்கு எந்த மருத்துவக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. ஊறவைத்து வேகவைக்கும்போதே அவற்றில் சொல்லப்படும் கெடுதல்களில் பெரும்பகுதி போய்விடுகிறது. நார்ச்சத்தும் புரதமும் ஒன்றாகக் கிடைக்கும் பொருளை அதைவிட மலிவாக வேறெங்கும் வாங்க முடியாது.

ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். இரண்டு மாதமாக அதை வாங்காமல் விட்டதாக எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து மறுபடி வாங்குங்கள். முட்டை ஒன்று ஆறேழு ரூபாய், 6 கிராம் புரதம். நாமக்கல் பக்கத்தில் இருக்கும் ஊருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. மட்டன் மாதம் ஒருமுறை போதும், மற்ற ஞாயிறுகளில் கோழி. மீன் வேண்டும் என்றால் வஞ்சிரம் தேவையில்லை. மத்தி, நெத்திலி கிடைத்தால் அவைதான் முதல் தரம், இல்லையென்றால் டேம் மீன். மீல் மேக்கர் வாரம் ஒரு நாள் போடலாம். அத்தை கவுச்சி தொடாத சனிக்கிழமைகளில் கொள்ளுப் பருப்பும் தயிரும் அந்த இடத்தை நிரப்பும். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. 60 கிலோ எடை உள்ளவருக்கு 50 கிராம். இரண்டு முட்டை, ஒரு கிண்ணம் கெட்டிப் பருப்பு, ஒரு கிண்ணம் தயிர், ஒரு கைப்பிடி கடலை, இவற்றோடு கொஞ்சம் கறியோ சுண்டலோ சேர்ந்தால் அது வந்துவிடும். இப்படி வாங்கினால் உங்கள் பழைய 13,000-த்திலேயே நிற்கலாம், மிஞ்சினால் ஆயிரம் கூடும்.

சிறுதானியத்துக்கு மாறலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். மாறலாம், ஆனால் கம்பும் ராகியும்கூட மாவுச்சத்துதான். அளவு குறையாமல் பெயரை மட்டும் மாற்றினால் பயனில்லை.

ஒரு சமையல் போதும்

காலையில் இரண்டு சமையல் செய்வதை நாளையிலிருந்தே நிறுத்துங்கள். வீட்டில் ஒரே குழம்பு, ஒரே பொரியல், ஒரே முட்டை அல்லது பயறு. ஆளுக்கு ஆள் மாற வேண்டியது தட்டில் விழும் சோற்றின் அளவு மட்டும். பிள்ளைகளுக்குப் பசி தீரும் அளவு. உங்களுக்கு இரண்டு கரண்டி. அத்தைக்கு மருத்துவர் சொல்லும் அளவு. கணவருக்கு ஒரு கரண்டி, அவர் வேண்டாமென்றால் அதுவும் இல்லை, அந்த இடத்தில் பொரியல் இரண்டு மடங்கு. காலையில் எல்லோருக்கும் முட்டைப் பொடிமாஸ், கூடவே பிள்ளைகளுக்கு மூன்று இட்லி, கணவருக்கு ஒன்றோ சும்மாவோ. மாவு ஆட்டுவதை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை.

நேரத்துக்கு வருகிறேன். பயறை ராத்திரி படுக்கும்போது ஊறப்போட்டால் காலையில் குக்கர் பார்த்துக்கொள்ளும். ஞாயிறு வாங்கும் கோழியில் பாதியை வறுவலாக்கி ஃப்ரிட்ஜில் வைத்தால் திங்கள்கிழமைக்கு ஆகும். காய் நறுக்குவது, முட்டை வேகவைத்து உரிப்பது, வாரச் சந்தைக்குப் போவது இவை மூன்றும் உங்கள் கணவருடைய வேலை. இதை நான் சொன்னதாகவே அவரிடம் சொல்லுங்கள். உணவை மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தவர் அவர், அதற்காக 4.30-க்கு எழுவது நீங்களாக இருப்பது நியாயமில்லை. ராத்திரி அவர் நறுக்கி வைத்துவிட்டால் நீங்கள் ஐந்தரைக்கு எழுந்தால் போதும்.

பிள்ளைகள்

வளரும் பிள்ளைகளுக்குப் பேலியோ வேண்டாம். அவர்களுக்கு நிறுத்த வேண்டியவை பாக்கெட் நொறுக்கும் இனிப்பு பானமும்தான். மகன் பள்ளியில் காலை உணவும் மதியம் சத்துணவில் முட்டையும் கிடைக்கிறதே, அதை ஏன் தடுக்கிறீர்கள்? சாப்பிடட்டும். வீட்டிலிருந்து பாதாம் டப்பா கட்டிக் கொடுக்க வேண்டியதில்லை.

மகளைப் பற்றி எழுதிய நாலு வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 13 வயதில் உயரமும் எலும்பும் ரத்தமும் ஒரே சமயத்தில் கூடுகின்றன, மாதவிடாயும் தொடங்கியிருக்கிறது. டிபனைத் திறக்காமல் கொண்டுவருவது பிடிவாதம் மட்டுமல்ல, தன் உடம்பைப் பற்றிய பயமாக இருக்கலாம். அவள் முன்னால் எடை, தொப்பை, கலோரி என்ற பேச்சை வீட்டில் எல்லோரும் விட்டுவிடுங்கள். அவளைத் திட்டாமல், 'மதியம் பசிக்கலையா கண்ணு?' என்று மட்டும் கேளுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை ஐந்து பேரும் உட்கார்ந்து, அதே குழம்பைச் சாப்பிடுங்கள். அப்பா தட்டிலும் ஒரு கரண்டி சோறு இருப்பதை அவள் பார்க்கட்டும். இரண்டு மூன்று வாரத்தில் மாறவில்லை என்றாலோ, எடை குறைந்தாலோ, மாதவிடாய் நின்றாலோ, தாமதிக்காமல் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

'அது கிடக்கட்டும்' என்றது

கிடக்கக் கூடாது, சகோதரி. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். 9.8 என்பது ரத்தசோகை. மாதவிடாயில் அதிகம் போகிறது என்றும், படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றும் வேறொரு பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வீட்டில் உணவு உடனடியாக மாற வேண்டிய இருவரில் ஒருவர் உங்கள் அத்தை, இன்னொருவர் நீங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடுவதாக எழுதியதையும் கவனித்தேன்.

வாரம் இரண்டு நாள் கோழி ஈரல் சாப்பிடுங்கள், மட்டனைவிட விலை மிகக் குறைவு, இரும்புச்சத்து அதிகம். முருங்கைக்கீரையும் கடலையும் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள், அந்தப் புளிப்பு இரும்பை உடம்பில் சேர்க்க உதவும். சாப்பாட்டோடும் அதற்கு முன்பின் ஒரு மணி நேரமும் டீ, காப்பி வேண்டாம், அவை இரும்பு சேருவதைத் தடுக்கும். ஆனால் 9.8-ஐ உணவு மட்டும் சரிசெய்யாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை இலவசமாகவே தருவார்கள். அதோடு ரத்தப்போக்கு ஏன் அதிகம் என்பதை மகப்பேறு மருத்துவர் பார்க்க வேண்டும். நார்க்கட்டியா, தைராய்டா என்று ஒரு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் சொல்லிவிடும்.

அத்தையை அழைத்துப் போகும் அன்றைக்கே உங்களையும் காட்டிவிடுங்கள், இன்னொரு நாள் லீவு எடுக்க வேண்டியிருக்காது. அவருடைய மாத்திரை அட்டைகள், கடைசி மூன்று ரிப்போர்ட், அந்த ராத்திரி என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு மாத்திரை போட்டார் என்ற குறிப்பு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அவர் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள், அந்தச் செலவும் மிச்சம். கணவரும் கூட வரட்டும். மாத்திரையைப் பற்றி மருத்துவர் சொல்வதை அவர் நேரில் கேட்க வேண்டும்.